ஒரே பானைச் சோறு

சில மாதங்களுக்கு முன், சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் பகல் வண்டியில், எனக்கு எதிர் ஆசனத்தில் ஒரு கொரியாக்காரர் உட்கார்ந்திருந்தார். சென்னைக்கு வெளியே மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் அவர் என்ஜினீயர். கோடைக்கானலில் படிக்கும் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். விழுப்புரம் வரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் கொண்டதோடு சரி. அதன் பிறகு அவருடைய கைத் தொலைபேசி மணி அடித்தது. எடுத்தார். மறுமுனையில் பேசிய பெண்ணின் முதல் வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அப்பா!" என்றாள்.

நான் திடுக்கிட்டு நிமிர்ந்ததை அவர் கவனித்துவிட்டார். பேசி முடித்ததும், "எங்கள் பாஷையிலும் அப்பாதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பேச்சுக்குக் கேட்பானேன்? அரியலூர், திருச்சி எல்லாம் போனதே தெரியவில்லை. அவர் பிராட்டஸ்டண்டு கிறிஸ்தவர், சபையில் மூப்பர். நான் அப்படி ஒன்றும் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன். கோயிலுக்கு அழைத்தால் போவேன், அழைக்காவிட்டால் வீட்டில் இருப்பேன். திண்டுக்கல் மலைக்கோட்டை ஜன்னலில் தெரிந்தபோது, "இதுதான் என் ஊர்" என்று காட்டினேன். அவர் சற்று நேரம் அந்தக் கல்லையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஊருக்கு அமெரிக்கப் பாதிரிமார் 1835-ல் வந்தார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் நாட்டுக்கு வந்தது 1885-ல். உங்களுக்கு ஐம்பது வருஷம் பின்னால். இன்று எங்கள் தென் கொரியாவில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் பிராட்டஸ்டண்டு. உங்கள் ஊரில் ஏன் அப்படி நடக்கவில்லை?"

வண்டி நின்றுவிட்டது. கூலி, பெட்டி, கூட்டம். அவருடைய விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் வாங்கிக் கொண்டு, "எழுதுகிறேன்" என்று சொல்லிப் பிரிந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். கடிதம் நீண்டு கட்டுரையாகிவிட்டது.

முதலில் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் சங்கம் 1810-ல் ஏற்பட்டது. அதன் பாதிரிமார் 1816-ல் யாழ்ப்பாணத்தில் வேரூன்றினார்கள். அங்கிருந்து 1834 ஜனவரியில் லீவாய் ஸ்பால்டிங் என்பவர் மதுரைச் சீமையைச் சுற்றிப் பார்த்துப் போனார். அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் ஹாய்சிங்டன், டாட் என்ற இருவர் மதுரைக்கு வந்து குடியேறினார்கள். மறு வருஷமே திண்டுக்கல் அவர்களுடைய இரண்டாவது ஸ்தலம் ஆயிற்று. திப்புவின் கையிலிருந்த திண்டுக்கல் கும்பெனியாரிடம் வந்து அப்பொழுது நாற்பது சொச்சம் வருஷந்தான் ஆகியிருந்தது. கோட்டையில் பீரங்கி இருந்த இடத்தில் இன்னும் சிப்பாய்கள் நின்ற காலம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பாதிரிமாரும் அவர்களோடு வந்த உதவியாளரும் தமிழ் பேசினார்கள். ஆனால் அந்தத் தமிழ் யாழ்ப்பாணத்தில் கற்ற தமிழ். ஆகவே திண்டுக்கல் கடைவீதியில் முதன்முதலாகக் கேட்ட அமெரிக்கப் பிரசங்கம் யாழ்ப்பாண ராகத்தில்தான் இருந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர் ஒருவர், 'உங்களோடு கதைக்க வந்தனான்' என்று ஆரம்பித்தால் நம்முடைய மொச்சைக்கொட்டை வியாபாரி என்ன நினைத்திருப்பான்? கதை சொல்லப் போகிறார் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான்!

பள்ளிக்கூடங்கள் வைத்தார்கள். வாத்தியார்களுக்கு எங்கே போவது? ஊரில் இருந்த திண்ணைப் பள்ளி உபாத்தியாயர்களையே சம்பளத்துக்கு அமர்த்திக் கொண்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவ வாத்தியார் பிள்ளைகளுக்குச் சுவிசேஷ வசனம் மனப்பாடம் செய்விப்பார். மாதம் பிறந்தால் பாதிரியாரிடம் சம்பளம் வாங்கிக் கொள்வார். இரு தரப்புக்கும் இதில் மனஸ்தாபம் இருந்ததாகத் தெரியவில்லை. நம் ஊர் ஜனங்கள் படிப்பை வாங்கிக் கொள்வதில் எந்தக் காலத்திலும் தயங்கினதில்லை. படிப்பைக் கொடுத்தவருடைய வேதத்தை வாங்கிக் கொள்வதுதான் வேறு விஷயம்.

வெயிலும் வாந்திபேதியும் பாதிரிமாரையும் அவர்களுடைய மனைவி மக்களையும் வரிசையாக வாரிக்கொண்டு போயின. பிழைத்திருந்தவர்கள் தப்புவதற்கு ஒரு குளிர்ந்த இடம் தேடினார்கள். 1845-ல் பழனி மலைமேல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். அதுதான் இன்றைய கோடைக்கானல். தேனிலவுக்குப் போகிறவர்கள் யாரும் இதை நினைப்பதில்லை. அந்த ஊர் சாவுக்குப் பயந்து உண்டான ஊர். கொரியாக்காரருடைய மகள் அங்கே படிப்பதும் அந்தத் தொடர்பினால்தான். பாதிரிமாரின் பிள்ளைகளுக்காக 1901-ல் அங்கே பள்ளிக்கூடம் ஏற்பட்டது.

இனி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்தவ வேதம் இந்தப் பக்கத்துக்கு வந்த நாள் முதலாகவே சோற்றுப் பானை அதன் குறுக்கே நின்றது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்னும் தத்துவ போதக சுவாமி, பூணூலும் காவியும் தரித்து, பிராமணச் சமையற்காரனை வைத்துக் கொண்டு, உயர்ந்த சாதியாருக்கு உபதேசம் செய்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பின்னால் வேறு சுவாமிகள் ஏற்பட்டார்கள். ஆண்டவர் ஒருவர், அவரைப் பார்க்கும் வாசல் இரண்டு. கத்தோலிக்கர்தான் இப்படி என்று பிராட்டஸ்டண்டுகள் ஏசினார்கள். ஆனால் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அவர்களுடைய கோயில்களிலும் பாயும் பெஞ்சும் சாதிவாரியாகத்தான் இருந்தன. 1833-ல் பிஷப் வில்சன், 'சாதியை விட்டே தீரவேண்டும், இப்போதே விடவேண்டும்' என்று உத்தரவு பிறப்பித்தார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களுடைய பெருங் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினவர் என்றால் நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம்.

அமெரிக்க மதுரை மிஷன் இதில் எல்லாரையும்விடக் கண்டிப்பாக இருந்தது. 1847-ல் அவர்கள் ஒரு விதி செய்தார்கள். சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. யார் சமைத்தாலும், எந்தச் சாதிக் கிறிஸ்தவனோடும், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு 'அன்பின் விருந்து' என்று பெயர். சாப்பிட மறுத்தவர்களுக்குச் சபையில் இடம் இல்லை. உபதேசியார் வேலையும் இல்லை.

அந்தப் பந்தியை நான் பலமுறை மனத்தில் எழுப்பிப் பார்த்திருக்கிறேன். கதாசிரியனுக்கு வேறு வேலை என்ன? வரிசையாக இலை போட்டிருக்கிறது. சமையல் கட்டிலிருந்து ஒருவர் சோற்றுக் கூடையை எடுத்துக் கொண்டு வருகிறார். அவர் சேரியில் பிறந்தவர். இலைக்கு முன்னால் உபதேசியார் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பத்து வருஷமாக இயேசுவைப் பற்றி உள்ளம் உருகப் பேசினவர். அவருக்குக் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் கவளத்தை வாயில் போட்டால் நாளைக்கு அவர் வீட்டுப் படியை உறவினன் எவனும் மிதிக்க மாட்டான். போடாவிட்டால் மாதச் சம்பளம் போய்விடும். அதைவிட, இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். பாதிரியார் பார்த்துக் கொண்டிருக்கிறார்.

உபதேசியார்களில் பலர் எழுந்து போய்விட்டார்கள். சபையார் பலர் விலக்கப்பட்டார்கள். கட்டின வீட்டில் பாதிக் கூரை பறந்த மாதிரி ஆயிற்று மிஷன்.

இதில் யாரைக் குறை சொல்வது? பாதிரிமார் பிடித்த பிடி நியாயமான பிடி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேரியில் பிறந்தவன் வந்து 'என்னையும் தேவன் படைத்தாரா?' என்று கேட்டால், 'படைத்தார், ஆனால் நீ அங்கே உட்கார்' என்று சொல்ல அவர்கள் மறுத்தார்கள். 1850-ல் சென்னை மிஷன்களில் பெரும்பாலானவை இந்த வழிக்கே வந்து சேர்ந்தன. லீப்சிக் லுத்தரன் மிஷன்தான், 'மெள்ள மெள்ளப் போகட்டும்' என்று ஒதுங்கி நின்றது. ஆனாலும் பரீட்சைக்காகச் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அன்பு என்று பெயர் வைத்ததுதான் என் தொண்டையில் சிக்குகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுபது வருஷம் கழித்து, 1910-ல், எடின்பரோவில் உலக மிஷன்களின் மகாநாடு கூடிற்று. அதில் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா எழுந்து, வெள்ளைக்காரப் பாதிரிமார் எங்களுக்காக எதை எதையோ தியாகம் செய்கிறார்கள், நாங்கள் கேட்பது சிநேகம் ஒன்றுதான் என்ற கருத்தில் பேசிய பேச்சு மண்டபத்தையே அதிர வைத்தது. பந்தியில் பரீட்சை வைத்தவர்களுடைய சொந்தச் சாப்பாட்டு மேஜையில் எத்தனை நாற்காலி நமக்குக் கிடைத்தது என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

என் பாட்டியின் பாட்டியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. டாக்டர் செஸ்டர் என்ற அமெரிக்கர் 1860-களின் தொடக்கத்திலிருந்து 1902-ல் காலமாகும் வரையில் ஏறக்குறைய நாற்பது வருஷம் திண்டுக்கல்லில் இருந்தார். பாதிரியாரும் அவரே, வைத்தியரும் அவரே. அவருடைய ஆஸ்பத்திரிக்குச் சுற்றுவட்டாரம் முழுவதும் வண்டி கட்டிக் கொண்டு வரும். என் பாட்டியின் பாட்டிக்குப் பிரசவத்துக்குப் பிறகு மார்பில் சீழ் கட்டிக் கொண்டது. நாட்டு வைத்தியம் பலிக்காமல், கடைசியில் பாதிரியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதே ஒரு பித்தளைக் குடத்தில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும், ஒரு செம்பும், அரிசி பருப்பும், சமைக்க ஓர் அத்தையும் வண்டியில் ஏறின. ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். மருந்து எந்தத் தண்ணீரில் கலந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மருந்துக்குத் தீட்டு இல்லை என்று புரோகிதர் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்! கட்டி அறுத்து, புண் ஆறி, கிழவி எழுபது வயது வரை இருந்தாள். 'அந்தத் துரை தெய்வம்' என்று சாகும் வரையில் சொல்லிக் கொண்டிருந்தாளாம். அந்தத் தெய்வத்தின் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

திண்டுக்கல் சீமை மிஷனிடமிருந்து எதை வாங்கிக் கொண்டது, எதை வாங்கிக் கொள்ளவில்லை என்பதற்கு இந்தக் குடத்தைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரையில், வேறு விதமான கூட்டத்தைச் சபைக்குக் கொண்டு வந்தது. தென் ஜில்லாக்களில் பல்லாயிரவர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் ஏழைகள், சேரிவாசிகள். 'சோற்றுக் கிறிஸ்தவர்கள்' என்று மேல்வீதிக்காரர்கள் சிரித்தார்கள். வயிற்றில் பசியில்லாதவன் சிரிக்கலாம். குழந்தைகள் செத்துக் கொண்டிருக்கும்போது கஞ்சி ஊற்றினவனுடைய கடவுளிடத்தில் ஒருவனுக்கு நம்பிக்கை வந்தால், அந்த நம்பிக்கையைப் போலி என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? அந்தக் கஞ்சியை ஊற்ற மேல்வீதிக்காரர்களுக்கு யார் தடை சொன்னார்கள்?

கொரியாக்காரர் கேட்டது எண்ணிக்கையைப் பற்றி மட்டுமன்று. அவர்கள் 'எழுப்புதல்' என்று சொல்கிறார்களே, ஜனங்கள் ஒருநாள் திடீரென்று நெஞ்சில் அடித்துக் கொண்டு அழுது, பாவத்தை ஊரறியச் சொல்லி, ஆள் மாறிவிடுவது, அதைப் பற்றியும் கேட்டார். 'உங்கள் பக்கத்தில் அது வரவே இல்லையா?' என்றார்.

வந்தது. அவர்களுக்கு வருவதற்கு நாற்பத்தேழு வருஷம் முன்னாலேயே வந்தது. மதுரைச் சீமையும் திருநெல்வேலிச் சீமையும் சந்திக்கும் இடத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் வந்தது. அதைக் கொண்டு வந்தவர் வெள்ளைக்காரர் அல்லர். ஜான் கிறிஸ்தியான் அருளப்பன்.

அருளப்பன் 1810-ல் திருநெல்வேலி உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்ற ஜெர்மானியரிடம் படித்தார். ரேனியஸ் மேலிடத்தோடு ஒத்துப் போகாமல் 1835-ல் வேலையிலிருந்து விலக்கப்பட்டவர். குருவின் முதுகெலும்பு சீடனுக்கும் வந்துவிட்டது. பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு பழகினார். குரோவ்ஸ் இங்கிலாந்தில் பல் வைத்தியர். நல்ல வருமானத்தை உதறிவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் வேண்டாம், கடவுள் கொடுப்பார் என்று கிளம்பினவர். அருளப்பன் இதைக் கேட்டுப் பிரமித்ததோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். அந்தக் காலத்தில் உபதேசியார் வேலை என்பது சர்க்கார் உத்தியோகத்துக்கு அடுத்தபடி. அதை வேண்டாம் என்றார். 1840-களின் தொடக்கத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் நிலம் பிடித்து, கிணறு வெட்டி, கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். கைப்பாடுபட்டுச் சாப்பிட வேண்டியது, மிச்ச நேரத்தில் ஊர் ஊராய்ப் போய்ச் சுவிசேஷம் சொல்ல வேண்டியது, இதுதான் ஏற்பாடு. ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் போனார்கள். அந்தக் காலத்தில், நம் கிராமத்துப் பெண்கள், ஊர் ஊராய்!

அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் 1857 முதல் 1859 வரையில் பெரிய எழுப்புதல்கள் நடந்த செய்தி கடிதங்களிலும் பத்திரிகைகளிலும் அருளப்பனுக்குக் கிடைத்தது. 'அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்கக் கூடாது?' என்று ஜெபம் செய்தார். 1860-ல் நடந்தது. ஜனங்கள் நடுங்கினார்கள், மார்பில் அடித்துக் கொண்டார்கள், தரையில் விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள், புரியாத பாஷையில் பேசினார்கள். படிப்பில்லாதவர்களும் சிறு பெண்களும் எழுந்து நின்று பெரியவர்களைக் கண்டித்தார்கள். வட திருநெல்வேலி நெடுகிலும் அது பரவிற்று. ஆங்கில மிஷன் பாதிரியாரான ஆஷ்டன் திப் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பாதிரிமாருக்கு இதைக் கண்டு சந்தோஷம் பாதி, கலக்கம் பாதி. திருடினவன் திருட்டை ஒப்புக்கொண்டால் சந்தோஷம். ஆனால் இந்த ஆட்டத்தை என்ன செய்வது? நமக்கோ இதில் ஆச்சரியமே இல்லை. மாரியம்மன் கொடையில் சாமி வந்து ஆடுகிறதைப் பார்த்துப் பிறந்த ஜனங்கள், இயேசு வந்தாலும் உடம்போடுதான் வரவேற்பார்கள். வேறு எப்படி வரவேற்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

1867-ல் அருளப்பன் காலமானார். அவருடைய சீடர்கள் மூலம் அந்த நெருப்பு மலையைத் தாண்டித் திருவாங்கூரில் 1873-ல் பற்றிற்று. அங்கே யூயோமயம் என்று ஒரு கிளைக் கூட்டம் கிளம்பி, 1881-ல் உலகம் முடியப் போகிறது, கிறிஸ்து வரப்போகிறார் என்று நாள் குறித்தது. அந்த வருஷமும் மற்ற வருஷங்களைப் போலவே போய்ச் சேர்ந்தது. இந்தப் பக்கத்து எழுப்புதலுக்கு அதோடு ஒரு கேலிப் பெயரும் வந்து சேர்ந்தது.

கொரியாவில் என்ன நடந்தது? அங்கே பாதிரிமார் கால் வைப்பதற்கு முன்பே புத்தகம் போய்விட்டது. மஞ்சூரியாவில் இருந்த ஜான் ராஸ் என்ற ஸ்காத்லாந்துக்காரரும் சில கொரிய வாலிபர்களும் சேர்ந்து லூக்கா சுவிசேஷத்தைக் கொரிய மொழியில் 1882-ல் அச்சிட்டார்கள். அந்த வாலிபர்களே அதை எடுத்துக் கொண்டு எல்லை தாண்டினார்கள். அவர்கள் உபயோகித்த எழுத்து, செஜோங் மன்னர் பதினைந்தாம் நூற்றாண்டில் சாதாரண ஜனங்களுக்காக உண்டாக்கிய எழுத்து. பண்டிதர்கள் அதைப் 'பெண்பிள்ளை எழுத்து' என்று ஒதுக்கிச் சீன எழுத்தையே கட்டிக் கொண்டு அழுதார்கள். வேதப் புத்தகம் ஒதுக்கப்பட்ட அந்த எழுத்தில் வந்ததும், அடுப்பங்கரைப் பெண் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

1884-ல் ஆலன் என்ற வைத்தியர் வந்தார். அந்த டிசம்பரில் நடந்த கலகத்தில் வெட்டுப்பட்ட ராணியின் உறவினரைப் பிழைக்க வைத்தார். அரசர் ஆஸ்பத்திரி ஏற்படுத்திக் கொடுத்தார். 1885-ல் அண்டர்வுட்டும் அப்பென்ஸெல்லரும் வந்தார்கள். 1890-ல் சீனாவிலிருந்து நீவியஸ் என்ற கிழப் பாதிரியார் விருந்தாளியாக வந்து யோசனை சொன்னார். உபதேசியாருக்கு வெளிநாட்டுச் சம்பளம் கொடுக்காதீர்கள். அவனவன் தன் தொழிலைச் செய்து கொண்டே சொல்லட்டும். கோயிலை அவர்கள் காசிலே அவர்களே கட்டட்டும் என்றார். நேயர்கள் இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று நினைப்பார்கள். வத்திராயிருப்பில் அருளப்பன் ஐம்பது வருஷம் முன்னால் செய்ததுதான். இங்கே அது ஒரு தனி மனிதனுடைய பிடிவாதமாக இருந்தது. அங்கே மிஷனுடைய சட்டமாயிற்று.

கொரியாவில் சாதியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 'பெக்ஜோங்' என்று ஒரு வகுப்பார் இருந்தார்கள். மாடு அறுப்பது அவர்கள் தொழில். மற்றவர்கள் அணியும் தலைப்பாகை அவர்களுக்குக் கூடாது. பாக் சொங் சுன் என்பவர் அந்த வகுப்பார். விஷ ஜுரத்தில் கிடந்தபோது டாக்டர் ஏவிஸன் அவர் குடிசைக்கே வந்து வைத்தியம் செய்தார். ஏவிஸன் யார்? அரசரின் வைத்தியர்! அரசருடைய கையைப் பிடித்த கை கசாப்புக்காரனுடைய கையையும் பிடித்தது. பாக் கிறிஸ்தவரானார், ஸியோலில் மூர் பாதிரியாருடைய கோயிலுக்கு வந்து உட்கார்ந்தார். உடனே பிரபுக்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவரைத் தனியாக உட்கார வையுங்கள் என்றார்கள். மூர் மறுத்தார். 1895-ல் பிரபுக்கள் வெளியேறி வேறு கோயில் வைத்துக் கொண்டார்கள்.

அப்படியே நம் 1847 அல்லவா? ஆனால் பின்கதை வேறு. மூன்று வருஷத்தில் இரண்டு கோயிலும் மறுபடி ஒன்றாயின. பாக் 1911-ல் அதே சபையில் மூப்பரானார். அவருடைய மகன் 1908-ல் மேல்நாட்டு வைத்தியத்தில் பட்டம் பெற்ற முதல் ஏழு கொரியர்களில் ஒருவன்.

ஏன் அங்கே மூன்று வருஷத்தில் ஒட்டிக்கொண்டது, இங்கே ஒட்டவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கொரியாவில் ஒதுக்கப்பட்டவர்கள் ஊருக்குச் சில குடும்பம். 1894-ல் அரசாங்கமே அந்த ஏற்றத் தாழ்வைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இங்கேயோ ஊரே ஏணிப்படி. எந்தப் படியில் நிற்பவனுக்கும் கீழே மிதிக்க ஒரு படி இருந்தது. அதை விட்டுக் கொடுக்க அவனுக்கு மனசில்லை. மேலே வந்து உட்கார்ந்த கும்பெனியாரும் பிறகு ராணியாரும் அந்த ஏணியைச் சாய்ப்பதற்கு அவசரப்படவில்லை. அதன்மேல் நின்று வரி வசூலிப்பது சௌகரியமாக இருந்தது.

ராஜாங்க விஷயம் வேறொன்றும் இருக்கிறது. 1904-ல் வேல்ஸ் நாட்டில் எழுப்புதல். அது 1905-ல் நம் தேசத்துக் காசி மலைகளுக்கு வந்தது, வேல்ஸ் பாதிரிமார் இருந்த இடம். 1906-ல் ஹோவர்டு ஆக்னியூ ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கர் கொரியாவுக்குப் போய், வேல்ஸிலும் இந்தியாவிலும் நடந்ததைச் சொன்னார். கேட்டவர்கள் ஏங்கினார்கள். 1907 ஜனவரியில் பியாங்யாங் நகரத்துப் பெரிய கோயிலில் அணை உடைந்தது. கில் சொன் ஜு என்ற மூப்பர் எழுந்து நின்றார். செத்துப்போன நண்பன் ஒருவன் தன் சொத்தைப் பார்த்துக் கொள்ளச் சொல்லி ஒப்படைத்தபோது, அதில் ஒரு பகுதியைத் தாம் எடுத்துக் கொண்டதாகச் சொல்லி அழுதார். நடுநிசி தாண்டியும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். நூற்றுக்கணக்கானவர் ஏககாலத்தில் வாய்விட்டு ஜெபம் செய்யும் வழக்கம் அந்த நாட்களில் வேரூன்றியது. அயர்லாந்துச் செய்தி வத்திராயிருப்பில் பற்றினாற்போல, காசி மலைச் செய்தி பியாங்யாங்கில் பற்றிற்று. நம் ஊர்த் தீப்பொறி அங்கே போய் எரிந்ததை அந்த என்ஜினீயருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அந்த அழுகையின் பின்னால் இன்னோர் அழுகையும் இருந்தது. 1905-ல் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பின் கீழ் என்று சொல்லிப் பிடித்துக் கொண்டது. 1907 ஜூலையில் அரசரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிற்று. 1910-ல் நாட்டையே விழுங்கிற்று. நாடு போனவர்களுக்குக் கூடி அழுவதற்குக் கோயில் இருந்தது. 1919 மார்ச்சு 1-ஆம் தேதி சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள். கில் சொன் ஜு அவர்களில் ஒருவர். நண்பன் பணத்தை எடுத்ததற்காக அழுத அதே மனிதர்!

இங்கே ஆண்டவர்கள் கிறிஸ்தவர்கள். பாதிரியார் அமெரிக்கர், ஆங்கிலேயர் அல்லர் என்பதெல்லாம் திண்டுக்கல் சந்தையில் யாருக்குத் தெரியும்? கலெக்டர் துரையின் நிறந்தானே பாதிரித் துரைக்கும்? கொரியாவில் கிறிஸ்தவனாவது அந்நியனை எதிர்ப்பதற்கு ஒரு வழி. இங்கே அது அந்நியன் பக்கம் போவதாகத் தோன்றிற்று. தோற்றத்தை உடைக்க முயன்றவர்களும் இல்லாமற் போகவில்லை. அதே மதுரை மிஷனைச் சேர்ந்த கெய்த்தான் என்ற அமெரிக்கர் கதர் உடுத்தார். காந்தியடிகளின் ஆங்கில நண்பர் ரெய்னால்ட்ஸ் என்பவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். 1930-ல் சர்க்கார் அவரைத் தேசத்தை விட்டே போகச் செய்தது. அவர் விடவில்லை, சுதந்திரம் வந்த பிறகு காந்திகிராமத்துக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் உழைத்து, முதியவராக 1984-ல் காலமானார். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரஸ்தாவில் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது காந்திகிராமம். அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். பரீட்சைக்காக அல்ல, பசித்ததனால்.

'அப்பா' விஷயத்தை மறந்துவிடவில்லை. 1886-ல் கொரியா சென்ற ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரிய மொழிக்கும் நம் திராவிட மொழிகளுக்கும் உறவு கற்பித்து ஒரு புத்தகமே எழுதி ஸியோலில் வெளியிட்டார். இடையன்குடிக் கால்டுவெல் பாதிரியாரின் இலக்கணந்தான் அவருக்கு ஆதாரம். இன்றைய மொழி நூலார் அந்த உறவை ஏற்பதில்லை. 'அப்பா'வும் 'அம்மா'வும் உலகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிடுகிறார்கள். போகட்டும். ஹல்பர்ட், கொரியாவின் சுதந்திரத்துக்காக 1907-ல் ஹேக் நகரம் வரை போய் மன்றாடினவர். 1949-ல் ஸியோலில் கண்ணை மூடி, அங்கேயே மண்ணானார். அப்படிப்பட்டவர் நம்மையும் அவர்களையும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று எண்ணினார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதி அந்த நண்பருக்கு அனுப்ப வேண்டும். நாலு பக்கம் எழுதிவிட்டேன். என் பாட்டியின் பாட்டி குடத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டு போன இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'தீட்டு' என்பதற்கு என்ன போடுவது? அகராதியைப் பார்த்தேன். 'அழுக்கு' என்று அர்த்தம் வரும் ஒரு வார்த்தையைக் கொடுத்திருக்கிறது. அது பொருந்தாது, அந்தப் பாதிரியாருடைய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது என்று கிழவியே சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையை அப்படியே தமிழில் எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். அதிலே 'எச்சில்' வந்தது.